பத்து நாள் கணக்கு

இருபத்து நான்கு கேள்விகள்.
எல்லாவற்றின் வாலிலும் ஒரே முடிச்சு:
கடந்த பத்து நாளுக்குள்ளா?

வாயில் புண் வந்தது டாக்டர்,
ஆறிப் பன்னிரண்டு நாளாகிறது.
அப்படியானால் இல்லை.
முடி கொத்தாகக் கழன்று
குளியலறை வடிகாலை அடைத்துக்கொண்டது.
ஆஸ்மண்ட் கம்பி விட்டு இழுத்தான்,
செத்த எலி என்று அலறினான்.
எப்போது?
அவன் தங்கை கல்யாணத்துக்கு முந்தின வாரம்.
பேனா இரக்கத்தோடுதான் நகர்கிறது,
ஆனாலும் நகர்கிறது.

கன்னத்துத் தழும்பைத் தொட்டுப் பார்க்கிறார்.
இது பழையது, சேதம் வேறு கணக்கு,
இன்றைக்கு எரிவதை மட்டும்தான்
எண்ண வேண்டும் என்கிறார்.
முதன்முதல் அது சிவந்தபோது
பட்டாம்பூச்சி என்றார்கள்.
நான் ஆய்ஸ்டின்ஸ் சந்தையில்
கோலாமீன் அறுக்கிறவள்.
மூக்கின்மேல் உடம்பு, இருபுறமும் விரித்த சிறகு;
கண்ணாடியில் பார்த்த அன்றே எனக்குத் தெரியும்
எது என்மேல் வந்து விழுந்ததென்று.

போன தடவை, ஜூலையில்,
ஒரு காகிதம் நீட்டினார்.
பத்து சென்டிமீட்டர் கோடு.
இந்த முனை சுகம், அந்த முனை மோசம்,
உங்களுக்கு எங்கே என்று தோன்றுகிறதோ
அங்கே ஒரு கீறல் போடுங்கள்.
ஒன்பதில் போட்டேன்.
நனைந்த மாவுமூட்டையை
யாரோ எனக்குள் இறக்கிவைத்துவிட்டு
எடுக்க மறந்து போயிருந்தார்கள்.
படுக்கையிலிருந்து அடுப்பு வரை
நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தேன்.

டாக்டர் பாய்ஸ் என் விரல்களை
ஒவ்வொன்றாய் அழுத்தினார்.
வலிக்கிறதா? வலிக்கிறது.
வீக்கம் இல்லையே.
ரத்தம் சுத்தம், சிறுநீர் சுத்தம்.
கூட்டிப் பார்த்தார்:
பூஜ்யம்.
களைப்புக்குக் கட்டம் இல்லையா என்றேன்.
இல்லை, மிஸஸ் கிட்டன்ஸ்.
அதைச் சொன்னபோது
என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே பிரிட்ஜ்டவுன் முழுக்க வெயில்,
எனக்கு மட்டும் ஆகாத வெயில்.

இன்றைக்கு அப்படியில்லை.
மூன்று வாரமாக உடம்பு லேசு.
நேற்றிரவு சந்தையில் இருநூறு மீன்,
முள் ஒன்றுகூடத் தங்கவில்லை, கத்தி பாட்டுக்குப் போனது.
உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன்.
பஸ்ஸில் நிழல் பக்கம் இடம் கிடைத்தது.
கோட்டில் ஒன்றுக்கு வெகு அருகே,
கொஞ்சம் ஆடம்பரமாகவே,
கீறினேன்.

டாக்டர் பாய்ஸ் திரையைப் பார்த்தபடி
நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.
நாற்காலி நகரும் சத்தம் எனக்குப் பழக்கம்.
சிறுநீரில் நுரை பார்த்தீர்களா?
பார்த்தேன். கடலோரம் வாழ்கிறவள்,
நுரையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.
புரதம் ஒழுகுகிறது, நாலு.
ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறது, இரண்டு.
காம்ப்ளிமெண்ட் இறங்கியிருக்கிறது, இரண்டு.
எட்டு, மிஸஸ் கிட்டன்ஸ்.
சிறுநீரகத்தில் ஊசி போட்டுத்
துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.
திங்கள்கிழமை வர முடியுமா?

ஒன்பது என்றேன், பூஜ்யம் என்றீர்கள்.
ஒன்று என்கிறேன், எட்டு என்கிறீர்கள்.
நாம் இரண்டு பேரும்
ஒரே பெண்ணைப் பற்றித்தான் பேசுகிறோமா?

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.
இரண்டும் உண்மைதான் என்றார், கொஞ்சம் பொறுத்து.
பிறகு ஜூலைக் காகிதத்தைத் தேடி எடுத்து
இன்றைய காகிதத்தின் பக்கத்தில் வைத்தார்.
இரண்டு கீறல்கள்.
ஓரத்தில் ஏதோ எழுதினார்.
தலைகீழாய்ப் படித்தேன்:
ஜூலையில் மிகுந்த களைப்பு, கேட்டும் எழுதவில்லை.
கட்டத்துக்கு வெளியே,
தன் சொந்தக் கையெழுத்தில்.

இரவு சந்தைக்குப் போனேன்.
கிரேசன் தராசில் மீனை வீசினான்.
ஐஸை உதறிவிட்டு நிறு என்றேன்.
உதறினான். முள் கொஞ்சம்தான் இறங்கியது.
இன்னொரு தடவை நிறுத்தச் சொல்லலாமா
என்று யோசித்துக்கொண்டே
கையுறை மாட்டினேன்.
திங்கள்கிழமைக்கு இன்னும் நாலு நாள்.